ஆஸ்பத்திரியில் சர்க்கரையும் வயிற்றுப் புண்ணும்

நீரிழிவு இல்லாதவருக்கும் கடும் நோயின்போது இரத்தத்தில் சர்க்கரை ஏறுவதுண்டு. பெருங்காயம், விஷக்காய்ச்சல், அறுவை சிகிச்சை ஆகியவற்றால் உடல் அதிரும்போது ஊறும் சுரப்புநீர்கள், ஈரலிலுள்ள சர்க்கரையை இரத்தத்தில் சேர்க்கின்றன. இன்சுலினின் வேலையையும் மட்டுப்படுத்துகின்றன. ஆகவே அங்கத்தினர் வீட்டில் ஒருவருக்கு இவ்வாறு நேர்ந்தால், வாழ்நாள் வியாதி வந்துவிட்டதென்று உடனே கலங்க வேண்டுவதில்லை. குணமான பின் மறுபடியும் பரிசோதித்தே தீர்மானிக்க வேண்டும்.

இச்சர்க்கரையை எவ்வளவு இறக்குவது? 2001-ல் பெல்ஜியத்தின் லூவன் நகரில், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தோருக்கு 100 மில்லி இரத்தத்தில் 80 முதல் 110 மில்லிகிராமுக்குள் இறுக்கிப் பிடித்தார்கள். அங்கே மரணம் நூற்றுக்கு 8-லிருந்து 4.6 ஆகக் குறைந்தது. பல நாட்டு வைத்தியர்களும் அதையே கைக்கொண்டனர். ஆனால் 2009-ல், ஆறாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளிடம் நடத்திய 'நைஸ்-சுகர்' ஆராய்ச்சி மாறாகச் சொல்லிற்று. இறுக்கிப் பிடித்தவர்களில் 90 நாளுக்குள் நூற்றுக்கு 27.5 பேர் இறந்தனர். 180-க்குள் நிறுத்தியவர்களில் 24.9 பேர். சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்ததோ, முன்னவரில் 6.8 பேருக்கு, பின்னவரில் 0.5 பேருக்கே. பாவை அளவுக்கு மீறி விறைத்தால் இழை அறும் என்பதை நெசவாளருக்கு நாம் சொல்ல வேண்டுமா? இன்று பெரும்பாலோருக்கு 140 முதல் 180 வரை போதுமென்று வைத்தியர்கள் கொள்கின்றனர்.

இதில் உடனிருப்போருக்கும் பங்குண்டு. இன்சுலின் போட்ட பின் உணவு தாமதித்தாலும், நோயாளி உண்ண மறுத்தாலும், தாதியிடம் அப்போதே தெரிவிக்க வேண்டும். திடீர் வியர்வை, நடுக்கம், பிதற்றல் கண்டால் காத்திருத்தல் கூடாது. வீட்டிலிருந்து கொண்டுவந்த மாத்திரையை மறைவாகக் கொடுப்பது பேராபத்து.

இனி வயிற்றுப் புண். இரண்டு நாளுக்கு மேல் சுவாச இயந்திரத்தில் இருப்போருக்கும், இரத்தம் உறையாத கோளாறு உள்ளோருக்கும், இரைப்பையின் உட்சவ்வுக்கு இரத்த ஓட்டம் குன்றி, புண்ணாகி இரத்தம் கசியலாம். அதற்காகவே அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் போன்ற மருந்து கொடுக்கப்படுகிறது. 2024-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், சுவாச இயந்திரத்தில் இருந்தோரிடையே இம்மருந்தினால் பெருங்கசிவு நூற்றுக்கு 3.5-லிருந்து 1 ஆகக் குறைந்தது. மரணம் மட்டும் குறையவில்லை. எழுந்து நடமாடி உண்ணுகிற எல்லா நோயாளிகளுக்கும் அது தேவையில்லை. எனினும், வீடு திரும்பியபின் மாதக்கணக்கில் அதை விழுங்கிக்கொண்டிருப்போர் பலர். எதுவரை சாப்பிட வேண்டுமென்று, ஆஸ்பத்திரியை விட்டு வரும் நாளிலேயே கேட்டறிக. முன்னமே புண் இருந்தவரும், ஆஸ்பிரினோ மூட்டுவலி மாத்திரையோ தொடர்ந்து உட்கொள்பவரும் தாமாக நிறுத்தலாகாது.