அடுத்து எந்த நூல்? – படிப்பு வட்டத்தாருக்கு ஒரு பாடம்

கூட்டுறவு இயக்கம் தோன்றிய காலந்தொட்டே படிப்பும் அதனுடன் சேர்ந்து வளர்ந்து வந்திருக்கின்றது. 1844-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர் கூடிக் கூட்டுறவுப் பண்டகசாலை ஒன்றைத் தொடங்கினர். அவர்களுள் நெசவாளர் பலர். சில ஆண்டுகளில் அவர்கள் படிப்பறை ஒன்றை அமைத்து, ஆதாயத்தில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கென ஒதுக்கினர். இவ்வகையில் நம் பகுதிக்கும் பெருமையுண்டு. சென்னைப் பொது நூலகச் சட்டம் 1948-இல் நிறைவேறியபோது கல்வி அமைச்சராயிருந்த தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் திருப்பூரில் பிறந்தவர். சொத்துவரியோடு நாம் செலுத்தும் நூலக வரி அச்சட்டத்தின் விளைவே. ஆதலின் கிளை நூலகத்துப் புத்தகங்களில் நமக்கும் பங்குண்டு.

வேலம்பாளையம் போன்ற ஊர்களில் படிப்பு வட்டம் நடத்துவோர், அடுத்த நூலைத் தேர்ந்தெடுக்குமுன் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும்.

முதலாவது: படிக்க நேரம் உண்டா? 200 பக்க நூலை ஒரு மாதத்தில் முடிக்க நாளொன்றுக்கு ஏழு பக்கம் படித்தால் போதும். 600 பக்க நூலுக்கு இருபது பக்கம் வேண்டும். இரவு வேலை மிகுந்த மாதத்தில் சிறு நூலே தகும்.

இரண்டாவது: பிரதிகள் கிடைக்குமா? ஒரே பிரதிதான் உள்ளதெனில், கூட்டத்தில் ஒருவர் வாசிக்கப் பிறர் கேட்கலாம். எழுத்துக்கூட்டிப் படிப்போரும் இதனால் பயனடைவர்.

மூன்றாவது: நூல் எழுப்பும் கேள்வி யாது? இதுவே தலையாயது. சில நூல்களைக் கொண்டு இதனை விளக்குவோம். ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ (1942) கொங்குநாட்டுக் குடும்பமொன்றில் கைம்பெண் ஒருத்தி நிலத்தில் தன் பங்கைக் கேட்பதைச் சொல்லுவது. பாகப்பிரிவினையை அறிந்த உழவர் வீட்டில் அது எளிதில் புரியும். தொ. மு. சி. ரகுநாதனின் ‘பஞ்சும் பசியும்’ (1953) கைத்தறி நெசவாளரின் துயரத்தைக் கூறுவது. சுப்ரபாரதிமணியனின் ‘சாயத்திரை’ (1998) சாயக்கழிவால் திருப்பூர் அடைந்த கேட்டைப் பேசுவது.

கடைசி நூலை முன்மொழிந்தால் வட்டத்தில் மனத்தாங்கல் எழக்கூடும். நொய்யல் நீரும் ஒரத்துப்பாளையம் அணையும் மாசுபட்டதால் உழவர் நிலம் இழந்தனர். 2011-இல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடுமாறு ஆணையிட்டபோது தொழிலாளர் பலர் வேலை இழந்தனர். இருசாராரும் ஒரே பாயில் அமர்ந்திருப்பர். சண்டைக்கு அஞ்சி அந்நூலைத் தவிர்த்தல் தகாது. உழவர் தொழிலாளியின் கட்சியையும், தொழிலாளர் உழவரின் கட்சியையும் முதலில் எடுத்துச் சொல்லட்டும். தம் கட்சியை அதன்பின் பேசட்டும். அடுத்தவர் குறையைத் தம் வாயால் சொல்லிப் பார்த்தவருக்குக் கோபம் தணிந்து விவரம் விளங்கும்.

தேர்தல் முறை: நூலை முன்மொழிபவர் அதன் முதல் இரண்டு பக்கங்களை உரக்கப் படித்து, அது எழுப்பும் கேள்வியை ஒரே வாக்கியத்தில் கூறுதல் வேண்டும். பங்குத்தொகை எவ்வளவாயினும் அங்கத்தினருக்கு ஒரு வாக்கே என்பது கூட்டுறவு நெறி. இங்கும் அதுவே பொருந்தும். ஆயினும் எப்போதும் பெரும்பான்மையோர் விருப்பமே நடந்தால், தோற்றவர் மெல்ல வராமல் நின்றுவிடுவர். அவர்களுள் பெண்களும் முதியோரும் மிகுதியாயிருக்கவுங்கூடும். ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை, முன்பு தோற்ற நூல்களிலிருந்தே ஒன்றை எடுத்துக்கொள்ளுதல் நலம். எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வகுத்த நூலக விதிகளில் ஒன்று, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது. ஒருவர் கேட்ட நூல் மற்றவருக்கும் உரியதாகலாம்.

பயிற்சி வினாக்கள்
1. உங்கள் வட்டத்தில் இதுவரை முன்மொழியாதவர் எவர்? காரணம் யாது?
2. கிளை நூலகத்தில் நெசவையும் வேளாண்மையையும் பற்றிய நாவல்கள் எவை உள்ளன? பட்டியல் எழுதுக.
3. அவற்றுள் ஒன்று எழுப்பும் கேள்வியை ஒரே வாக்கியத்தில் கூறுக.