கன்றின் பசியும் கிடேரியின் மலடும்

ஒரே பசு ஈன்ற இரு கிடேரிகளை நம் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் கண்டோம். மூத்தது மூன்றாண்டு நிறையுமுன்னரே ஈன்றுவிட்டது. இளையதற்கோ நான்காண்டு கடந்தும் பருவக்குறி தோன்றவில்லை. “இது மலடு, சந்தைக்கு ஓட்டிவிட வேண்டியதுதான்” என்றார் அவ்வீட்டு அம்மையார். பசு வாங்கிய கடன் அப்பொழுதும் தீரவில்லை.

விசாரித்தபோது உண்மை விளங்கிற்று. மூத்த கன்று பிறந்த நாளில் அவ்வூரில் பால் வாங்குவோர் இல்லை. கன்று வயிறாரக் குடித்தது. இளையது பிறக்குமுன் பால் சேகரிப்பு நிலையம் ஏற்பட்டுவிட்டது. மடியில் பால் சுரக்கும் மட்டும் கன்றை அவிழ்த்துவிட்டு, உடனே இழுத்துக் கட்டினர். கறவைக்குக் கடனுதவி அளித்த நாமும் கன்றைப் பற்றி ஒரு சொல் கேட்டோமில்லை.

இளமையில் உற்ற இடர்

இளமையில் உற்ற துன்பம் முதுமைவரை உடலில் தங்குமென்பதை விஞ்ஞானிகள் எலிகளிடம் ஆராய்ந்து கண்டுள்ளனர். 1957-ஆம் ஆண்டில் சீமோர் லெவின் என்னும் அமெரிக்க அறிஞர், குட்டிப் பருவத்தில் நாள்தோறும் சிறிது நேரம் கையிலெடுக்கப்பட்ட எலிகள் வளர்ந்தபின் உடலுக்கு நேரும் இடரை எளிதில் தாங்கின என்று காட்டினார். கனடா நாட்டின் மக்கில் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீனியும் அவர்தம் குழுவினரும், தாய் மிகுதியாக நக்கி வளர்த்த குட்டிகளுக்குப் பிற்காலத்தில் இடர் நேருங்கால் சுரக்கும் ஹார்மோன் அளவோடு நின்றதை 1997-இல் வெளியிட்டனர். தாயின் பரிவு குறைந்த பெண் எலிகள் முன்கூட்டியே பருவமடைந்ததையும் இவ்வாராய்ச்சிகள் காட்டின.

கன்றின் நிலை வேறு. பசித்த கன்றுக்குப் பருவம் முந்துவதில்லை; பிந்துகிறது.

உடலுக்குள் நிகழ்வது யாது?

மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து ஒருவகை ஹார்மோன் விட்டுவிட்டுச் சுரந்து, சூலகத்தை விழிக்கச் செய்கிறது. தீனி குறைந்த கிடேரியில் இச்சுரப்பு அடிக்கடி எழுவதில்லை. சூலகமும் உறங்கிக் கிடக்கும். பசி, புழு, நோய் முதலியவை தொடர்ந்து வருத்தினால், சிறுநீரகத்தின்மேல் அமைந்த அட்ரீனல் சுரப்பி கார்ட்டிசாலை மிகுதியாக விடுகிறது. அதுவும் சூலகத்தைத் தூண்டும் சுரப்பைத் தடுக்கும். உயிர் பிழைப்பதே அரிதாயிருக்கையில், உடல் இனப்பெருக்கத்தைத் தள்ளிவைக்கிறது.

கிடேரி பருவத்துக்கு வருவது வயதைவிட எடையையே பெரிதும் சார்ந்தது. முதிர்ந்த பசுவின் எடையில் ஏறத்தாழப் பாதியை எட்டும்போது பருவம் தோன்றும். 60 சதவீதம் சேர்ந்தபின் கருவூட்டுதல் நன்று.

செய்ய வேண்டுவன

1. கன்று பிறந்த ஓரிரு மணி நேரத்துக்குள் சீம்பால் ஊட்டுக. ஒரு நாள் கழிந்தால் அதன் நோய்த்தடுப்பு ஆற்றலைக் குடல் ஏற்காது.

2. முதல் இரு மாதங்களில் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு பாலை நாள்தோறும் விடுக.

3. உருண்டைப் புழு தாய்ப்பால் வழியாகவே கன்றுக்கு வரக்கூடும். ஆதலால் இரண்டாம் வாரத்திலேயே கால்நடை மருத்துவரைக் கண்டு புழு மருந்து கொடுக்க.

4. இரண்டாம் வாரம் முதல் தூய நீர், சிறிது அடர்தீவனம், இளம்புல் ஆகியவற்றைப் பழக்குக. இரைப்பை வளர்வது இவற்றால்தான்.

கணக்கு

25 கிலோ எடையுள்ள கன்றுக்கு நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் எனக் கொண்டால், 60 நாட்களுக்கு 150 லிட்டர் ஆகும். நாளொன்றுக்கு 5 லிட்டர் கறக்கும் பசு 300 நாட்களில் 1,500 லிட்டர் தரும். கிடேரி ஓராண்டு பிந்தினால் ஓர் ஈற்றின் பாலே கைநழுவுகிறது. கன்றிடம் மிச்சம் பிடித்ததோ அதில் பத்தில் ஒரு பங்குதான்.

அவ்வம்மையாரின் கிடேரியைச் சோதித்த மருத்துவர், அது மலடன்று, வளர்ச்சி குன்றியதே என்றார். புழு நீக்கி, தீவனமும் தாது உப்பும் அளித்து வந்ததில், ஏழாம் மாதத்தில் பருவத்துக்கு வந்தது, சந்தைக்குப் போகவில்லை. எனினும் இழந்த காலம் மீளவில்லை. ஆகவே, கிடேரியைக் குறைகூறுமுன் கன்றின் வயிற்றைப் பார்ப்போம். கடனுதவி அளிக்கும் நாமும் இனிக் கறவையைப் பார்க்கும்போதே, கட்டுத்தறியிலுள்ள கன்றையும் பார்த்து வருவோமாக.