ஒரு வருஷம் வீட்டிலிருந்து படிக்கலாமா?

நீட் முடிவு வெளியாகும் வாரத்தில் குடுமியான்மலையிலிருந்தும் அன்னவாசல் பக்கத்திலிருந்தும் எனக்குப் போன் வரும். பேசுவது பெரும்பாலும் அம்மாக்கள். "ஆத்தா, பாப்பாவுக்கு இந்த மார்க்குக்குச் சீட்டு கெடைக்காதாம். ஒரு வருஷம் வீட்டுல வச்சுப் படிக்க வைக்கலாமா, இல்ல கெடைக்கிற காலேஜுல சேத்து விட்ரவா?" நான் அப்படி ஒரு வருஷம் இருந்து படித்து மருத்துவக் கல்லூரிக்கு வந்தவள். அதனால் "இருக்கட்டும், படிக்கட்டும்" என்றுதான் சொல்வேன் என்று எதிர்பார்க்கிறார்கள். நான் மார்க்கைக்கூட முதலில் கேட்பதில்லை. கேள்வித்தாளையும் ஓ.எம்.ஆர் தாளின் நகலையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன். முடிவுக்கு வேண்டியது அதில்தான் இருக்கிறது.

நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தது 2020இல். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி, தமிழ்வழி. அப்பாவுக்கு எங்கள் ஊர் குடுமியான்மலையின் அண்ணா பண்ணையில் தினக்கூலி வேலை. கொரோனாவால் அந்த வருஷத் தேர்வு செப்டம்பர் 13க்குத் தள்ளிப்போய், அக்டோபர் நடுவில் முடிவு வந்தது. இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தகுதி மதிப்பெண் 113. அதைத் தாண்டியிருந்தேன். தெரு முழுக்க "நீட்டு பாஸாயிருச்சு" என்று பேச்சு. பாஸாவது வேறு, சீட்டு கிடைப்பது வேறு என்று சொந்தக்காரர்களுக்குப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அந்த மாதக் கடைசியில்தான் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு சட்டமானது. அப்படியும் என் தரவரிசைக்கு இடம் வரவில்லை.

எங்கள் விலங்கியல் ஆசிரியை என்னை உட்காரவைத்து, கேள்வித்தாளை எடுத்து, தவறிய கேள்விகளை மூன்று பட்டியலாகப் பிரிக்கச் சொன்னார். பாடத்தையே படிக்காததால் போனவை முதல் பட்டியல். படித்திருந்தும் குழம்பியோ மறந்தோ போனவை இரண்டாவது. நேரம் போதாமலும், தெரியாமல் குருட்டாம்போக்கில் நிரப்பியும் போனவை மூன்றாவது. சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழிவு என்பதால் இந்த மூன்றாவது பட்டியல் இரண்டு பக்கமும் கடிக்கும். ஒரு மாலை முழுக்க ஆனது. என் நஷ்டத்தில் பெரும்பகுதி முதல் பட்டியலில் வந்து விழுந்தது. இயற்பியலில் 45 கேள்விகள், 180 மதிப்பெண்; அதில் பாதியை நான் தொடவே இல்லை. உயிரியலில் போனவையும் பெரும்பாலும் பதினோராம் வகுப்புத் தாவரவியல். "படிக்காத எடத்துலதான் போயிருக்கு. படிச்சா வரும். ஒரு வருஷம் இரு" என்றார் டீச்சர்.

இன்று என்னிடம் கேட்பவர்களுக்கும் நான் இதைத்தான் செய்யச் சொல்கிறேன். முதல் பட்டியல் நீளமாக இருந்தால் ஒரு வருஷம் பலன் தரும். இரண்டாவது நீளமாக இருந்தால் புதிதாகப் படிப்பதைவிடத் திரும்பத் திரும்பத் தேர்வு எழுதிப் பார்ப்பதுதான் தேவை. அதற்கும் ஒரு வருஷம் உதவும், ஆனால் வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தால் உதவாது, தேர்வு வைத்துத் திருத்திச் சொல்ல ஒருவர் வேண்டும். எல்லாப் பாடமும் படித்து, இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நிற்கிற பிள்ளைக்கு மூன்றாவது வருஷத்தை நான் சிபாரிசு செய்வதில்லை.

பதினோராம் வகுப்பைப் பற்றி ஒன்று. நீட் பாடத்திட்டத்தில் ஏறக்குறைய பாதி பிளஸ் ஒன் பாடம். தமிழ்நாட்டில் 2017-18இல் கொண்டுவந்த பிளஸ் ஒன் பொதுத்தேர்வு 2025-26 முதல் கிடையாது. பிள்ளைகளுக்குப் பாரம் குறைவது நல்லதுதான். ஆனால் பொதுத்தேர்வு இல்லாத பாடத்தை வீட்டில் யாரும் கேட்கமாட்டார்கள். மருத்துவம் வேண்டும் என்கிற பிள்ளை பிளஸ் ஒன் புத்தகத்தை அந்த வருஷமே முடித்தால், இந்தக் கட்டுரை அவளுக்குத் தேவைப்படாமலே போகலாம்.

போன வருஷக் கட்-ஆஃப் மார்க்கை வைத்து "இன்னும் முப்பது மார்க்குதான்" என்று கணக்குப் போடுகிறவர்கள் நிறையப் பேர். அது நம்பக்கூடிய கணக்கு இல்லை. 2024இல் திருத்தப்பட்ட முடிவிலும் 17 பேர் 720க்கு 720. 2025இல் இந்தியாவின் முதல் மதிப்பெண்ணே 686. கேள்வித்தாள் அவ்வளவு கடினம். மார்க்கு ஆண்டுக்கு ஆண்டு ஆடும். உங்கள் பிரிவில் எத்தனையாவது தரவரிசை வரை அரசுக் கல்லூரி போனது, 7.5 பட்டியலில் எத்தனையாவது ஆள் வரை போனது என்று பாருங்கள். உங்கள் தரவரிசை அதிலிருந்து எவ்வளவு தூரம் என்பதுதான் ஓரளவு நிலையான அளவு.

"எல்லாரும் ரிப்பீட்டர்தானே" என்று சொல்வார்கள். உண்மைதான். நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021இல் கொடுத்த அறிக்கைப்படி, தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில் மறுமுறை எழுதியவர்கள் 2016-17இல் 12.47 சதவீதம், 2020-21இல் 71.42 சதவீதம். இதைப் படித்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. ஒரு வருஷம் வீட்டில் இருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று அப்பாவிடம் காட்டினேன். ஆனால் அந்தக் கணக்கு உள்ளே வந்தவர்களைப் பற்றியது. ஒரு வருஷம், இரண்டு வருஷம் இருந்து படித்து இடம் கிடைக்காமல் போனவர்கள் அதில் இல்லை. லட்சக்கணக்கில் கட்டி லாங் டேர்ம் கோச்சிங் போகிறவனும், போனில் வீடியோ பார்த்துப் படிக்கிற நம் ஊர்ப் பிள்ளையும் அங்கே ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகிறார்கள். அந்த அநியாயம் எனக்கு இன்றும் ஆறவில்லை. 7.5 சதவீதம் அதற்குக் கொஞ்சமாவது ஈடு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால், மறுமுறை எழுதினாலும் அந்த உரிமை போய்விடுவதில்லை. போய்விடும் என்று நினைத்துக்கொண்டு மனம் உடைந்த ஒரு தங்கச்சியிடம் நானே பேசியிருக்கிறேன்.

கட்டணத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். முதல் ஆண்டு 7.5 கலந்தாய்வில், சுயநிதிக் கல்லூரியில் இடம் கிடைத்தும் பணம் கட்ட வழியில்லை என்று சிலர் சீட்டை விட்டுவிட்டார்கள். சில நாட்களிலேயே கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே ஏற்கும் என்று அறிவிப்பு வந்தது. ஆகவே "பிரைவேட் காலேஜ், நமக்குக் கட்டுப்படியாகாது, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று கையில் வந்ததை விட்டுவிட்டு ஒரு வருஷம் எடுக்காதீர்கள். அந்த வகை இடைவெளி தேவையே இல்லாதது.

வீட்டில் பேசவேண்டியதைப் பேசாமல் இந்த வருஷத்தைத் தொடங்கக் கூடாது. எங்கள் வீட்டில் மூன்று பேச்சு நடந்தது. பணம் எவ்வளவு, யார் தருவது என்பது ஒன்று. பகலில் எந்த மூலை எனக்கு, எந்த வேலை எனக்கு இல்லை என்பது இன்னொன்று. ஒரே அறை வீட்டில் இது பெரிய விஷயம். வீட்டிலேயே இருக்கிற பெண்பிள்ளை என்றால் ரேஷன் கடை முதல் தம்பியின் வீட்டுப்பாடம் வரை அவள் தலையில்தான் வரும். அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிற நாட்களில் சமையல் மட்டும் என் பொறுப்பு, மற்றது இல்லை என்று முடிவானது.

மூன்றாவதுதான் கஷ்டமான பேச்சு. அப்பத்தா ஜாதகத்தை எடுத்துவிட்டார். "பொட்டப்புள்ளைய எத்தன வருஷம் வீட்டுல வச்சிருப்ப?" கல்லூரிக்குப் போகிற பெண்ணைப் பற்றி யாரும் கேட்காத கேள்வி, வீட்டிலிருந்து படிக்கிற பெண்ணைப் பற்றி வாரம் ஒருமுறை வரும். அடுத்த தேர்வு முடிவு வரும்வரை வரன் பேச்சே கூடாது என்று அப்பாவிடம் வாக்கு வாங்கிய பிறகுதான் புத்தகத்தைத் திறந்தேன். புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் காத்திருந்தவர்தான். 1902இல் மெட்ரிகுலேஷன் தேறியவர், ஆண்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரிக்குள் 1904இல்தான் போக முடிந்தது. அதுவும் மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதித்ததால். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரி, 1912இல் டாக்டர். நம் ஊர்ப் பெண்ணின் ஆண்டுகள் இவை என்று அப்பத்தாவிடம் சொன்னேன். அவர் ஜாதகத்தை மடித்து வைத்ததற்கு அப்பாவின் அதட்டலும் ஒரு காரணம் என்றாலும், அந்தக் கதையைப் பிறகு அவரே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அண்ணா பண்ணையில் வேலை செய்யும் அப்பா எனக்கு ஒரு யோசனை சொன்னார். விதையை மொத்தமாக விதைப்பதற்கு முன் நூறு விதையை எண்ணி எடுத்து முளைக்கவைத்துப் பார்ப்பார்களாம். "மொளைப்புப் பாக்காம யாரும் வெதைக்க மாட்டாக. நீயும் மொதல்ல ரெண்டு மாசம் படிச்சுப் பாரு ஆத்தா." அப்படியே செய்தோம். பழைய நீட் கேள்வித்தாள் ஒன்றைத் தொடாமல் எடுத்து வைத்தேன். இரண்டு மாதம் இயற்பியலையும் பதினோராம் வகுப்பையும் மட்டும் படித்துவிட்டு, டீச்சர் வீட்டில் அதை எழுதினேன். முன்பு வெறுமையாக விட்ட இடங்களில் விடை வந்திருந்தது. அது நடக்காமல் போயிருந்தால் ஜனவரியிலேயே வேறு படிப்புக்கு விசாரிக்கத் தொடங்கியிருப்போம். ஒரு வருஷத்தையும் கண்ணை மூடிக்கொண்டு ஒப்படைக்க வேண்டியதில்லை. நடுவில் இப்படி ஒரு சோதனையும், அது தேறாவிட்டால் என்ன செய்வது என்கிற பதிலும் முதலிலேயே இருக்கட்டும்.

படிக்கும் விதத்தில் எனக்கு உதவியவை சில. மாதிரித் தேர்வை ஞாயிறு மதியம் 2 மணிக்கு, சாப்பிட்டுவிட்டு, ஃபேனை நிறுத்திவிட்டு எழுதினேன்; உண்மைத் தேர்வு அந்த நேரத்தில்தான், தூக்கம் கண்ணைச் சொருகுகிற நேரம். தமிழ்வழிப் பிள்ளைகள் ஒவ்வொரு கலைச்சொல்லையும் ஆங்கிலத்திலும் எழுதிப் பழகுங்கள். 2018இல் தமிழ்க் கேள்வித்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்கு போய், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 மதிப்பெண் வழங்கச் சொன்னது. உச்ச நீதிமன்றத்தில் அது நிற்கவில்லை. ஐயம் வந்தால் ஆங்கிலக் கேள்விதான் செல்லும் என்பது விதி.

செய்தியைப் பார்த்துப் படிப்பை நிறுத்தாதீர்கள். நான் 2021 செப்டம்பர் 12இல் தேர்வு எழுதினேன்; மறுநாள் சட்டமன்றத்தில் நீட் விலக்கு மசோதா நிறைவேறியது. அந்தக் கோடை முழுக்க "இந்த வருஷம் நீட்டே இருக்காது" என்று சொல்லாத ஆளில்லை. நீட் வேண்டாம் என்பதுதான் என் கருத்தும். ஆனால் தேர்வு நடந்தது, நம்பி நிறுத்தியவர்கள் அந்த அறையில் தவித்தார்கள்.

ஒரு வருஷம் என்று எடுப்பது ஒரு வருஷத்தில் முடியும் என்றும் நினைக்காதீர்கள். என் கலந்தாய்வு 2022 ஜனவரியில்தான் தொடங்கியது. புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரியில் வகுப்புக்குப் போனது பிப்ரவரியில். தேர்வுக்குப் பிறகான அந்தக் காத்திருப்பு, படிப்பைவிடக் கொடுமையாக இருந்தது. படிக்கவும் ஒன்றுமில்லை, பதிலும் இல்லை. அப்போது பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்தேன். அதுதான் என்னை நிமிர்த்தி வைத்தது.

என்னோடு சேர்ந்து அந்த வருஷம் படித்த தோழிக்கு இடம் கிடைக்கவில்லை. என்னைவிடக் கணக்கில் கெட்டிக்காரி. அவளும் தவறிய கேள்விகளைப் பிரித்துப் பார்த்தாள். முதல் பட்டியலில் அநேகமாக ஒன்றுமே இல்லை. எல்லாம் படித்தாயிற்று, இன்னொரு வருஷத்தில் புதிதாக என்ன சேரும் என்று அவளே கேட்டாள். 7.5 சதவீதம் வேளாண்மை, கால்நடை, மீன்வளம், பொறியியல், சட்டப் படிப்புகளுக்கும் நீட்டிக்கப்பட்டது அந்த 2021இல்தான். நம் ஊரிலேயே 2014 முதல் அரசு வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. பிளஸ் டூ மதிப்பெண்ணில் சேர்க்கை, நீட் வேண்டாம். பி.எஸ்சி. அக்ரி சேர்ந்தாள். இப்போது விதை அறிவியலில் முதுகலை படிக்கிறாள். அவள் எடுத்ததும் என் முடிவுக்குச் சமமான நல்ல முடிவு என்று நான் நம்புகிறேன், ஆறுதலுக்குச் சொல்லவில்லை. நீட்டுக்குப் படிக்கிற வருஷத்தில் வேளாண்மை, கால்நடை, நர்சிங், துணை மருத்துவப் படிப்புகளுக்கும் விண்ணப்பம் போட்டுவிடுங்கள். இரண்டாவது கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்த பிள்ளை தேர்வு அறையில் கை நடுங்காமல் எழுதும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். மருத்துவச் சீட்டு கிடைக்காமல் போன அரியலூர் மாணவி அனிதாவை நாம் 2017இல் இழந்தோம். அதற்குப் பிறகும் இழந்துகொண்டிருக்கிறோம். வீட்டிலிருந்து படிக்கும் பிள்ளை சாப்பாட்டைத் தவிர்த்தால், தூங்காமல் கிடந்தால், பேச்சைக் குறைத்தால், "படிப்பு டென்ஷன்" என்று விட்டுவிடாதீர்கள். கூட உட்காருங்கள். 104க்கோ, டெலிமானஸின் 14416க்கோ பேசலாம். இரண்டிலும் தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. அந்தப் பிள்ளை அன்றே புத்தகத்தை மூடிவிட்டாலும் சரி, மூடட்டும்.

ஒரு வருஷம் என்று முடிவானால், ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று, சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாவற்றையும் தேர்வுக்கு முன்பே வாங்கிவிடுங்கள். இடையில் பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு பள்ளியிலும் தனித்தனியாகக் கையெழுத்து வேண்டும். பள்ளி கோடை விடுமுறையில் இருக்கும்போது தலைமையாசிரியரைத் தேடி அலைவது பெரும்பாடு. இலுப்பூர் தாலுகா ஆபீஸ் வேலையையும் மார்ச்சுக்குள் முடித்துவிடுவது நல்லது.