அடிக்கடி முடங்கும் கணினி

வீட்டுக் கணினி என்றோ ஒருநாள் முடங்கினால், பெரும்பாலோர் அதனை அணைத்து மீண்டும் முடுக்கிவிட்டுத் தம் வேலையைத் தொடர்வர். அதில் தவறில்லை. ஆனால், ஒரே வாரத்தில் மூன்று நான்கு முறை திரை உறைந்து நிற்பதும், கணினி தானாக அணைந்துபோவதும் தற்செயல் அல்ல. உள்ளே ஏதோ ஒன்று பழுதாகியுள்ளது, அல்லது பழுதாகிக்கொண்டிருக்கிறது.

பழுதைத் தேடும் முன்பே செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. கணினியில் உள்ள கோப்புகளுக்கு உடனே நகல் எடுக்க வேண்டும். மூன்று மாதம் உழைத்துச் செய்த இடுபணியும், மறைந்த பாட்டியின் நிழற்படங்களும் பல வீடுகளில் ஒரே வன்தட்டில்தான் கிடக்கின்றன. கோப்பு எழுதப்பட்டுக்கொண்டிருக்கும்போது கணினி திடீரென அணைந்தால் அந்தக் கோப்பு சிதைந்துபோகலாம். வன்தட்டே பழுதடைந்திருந்தால், ஒவ்வொரு முறை முடுக்கும்போதும் நிலைமை மோசமாகும். 'டிக் டிக்' என்ற ஓசை வன்தட்டிலிருந்து வரத் தொடங்கினால் வேறு எந்தச் சோதனையும் வேண்டாம். முக்கியக் கோப்புகளை விரலியிலோ இணையச் சேமிப்பகத்திலோ முதலில் பதிவுசெய்துகொள்ள வேண்டும்.

அடுத்ததாகத் தேவைப்படுவது ஒரு குறிப்பேடு. கணினி எப்போது முடங்கியது, அப்போது எந்தச் செயலி திறந்திருந்தது, திரையில் என்ன பிழைக்குறியீடு தோன்றியது என்பவற்றை எழுதிவைக்க வேண்டும். விண்டோஸ் கணினிகளில் பல்லாண்டுகளாக நீலத்தில் தோன்றிய பிழைத்திரை, 2025ஆம் ஆண்டு முதல் விண்டோஸ் 11இல் கறுப்பாக மாறத் தொடங்கியது. நிறம் மாறினாலும் அதிலுள்ள குறியீடு பயனுள்ளதே. அது மறைவதற்குள் கைப்பேசியால் படம் எடுத்துக்கொள்ளலாம். இதனைத் தவிர, 'ரிலையபிலிட்டி மானிட்டர்' என்னும் வசதியும் விண்டோஸிலேயே உள்ளது. எந்த நாளில் என்ன மென்பொருள் நிறுவப்பட்டது, எந்த நாளில் கணினி முடங்கியது என்பதை அது நாள்வாரியாகக் காட்டும். பலர் இதனைத் திறந்து பார்ப்பதே இல்லை.

மலேசியா, சிங்கப்பூர் போன்ற வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த நாடுகளில் முதலில் ஐயப்பட வேண்டியது சூட்டைத்தான். கணினியின் மையச் செயலகம் அளவுக்கு மீறிச் சூடாகும்போது, எரிந்துபோகாமல் இருக்கத் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். இதற்கு ஓர் அடையாளம் உண்டு. விளையாட்டு, காணொளித் தொகுப்பு போன்ற கடினமான வேலைகளின்போது எந்த அறிவிப்பும் இன்றிக் கணினி அணையும். உடனே மீண்டும் முடுக்கினால் முன்பைவிட விரைவாக அணையும். உள்ளே இருந்த சூடு இன்னும் தணியவில்லை அல்லவா? காற்றுத் துளைகளில் தூசு, பூனை முடி, சமையலறை எண்ணெய்ப் பிசுக்கு, சாமி மேடையின் ஊதுவத்திப் புகை ஆகியவை படிந்து விசிறியைத் திணறவைக்கின்றன. மடிக்கணினியை மெத்தைமீது வைத்துப் பயன்படுத்துவோர், அதன் அடியிலுள்ள காற்றுத் துளைகளைத் தாமே அடைத்துவிடுகின்றனர்.

மேசைக் கணினியைத் துப்புரவு செய்வது கடினமன்று. மின்செருகியைக் கழற்றிய பிறகு, உடலிலுள்ள நிலைமின்னூட்டம் நீங்குவதற்காக அதன் உலோகச் சட்டத்தைத் தொட வேண்டும். பின்னர், விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு காற்றுப் புட்டியால் தூசை ஊத வேண்டும். மின்வழங்கிப் பெட்டியை மட்டும் எக்காரணத்தைக் கொண்டும் திறக்கக்கூடாது. மின்செருகியைக் கழற்றிய பின்னரும் அதனுள் ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கும்.

துப்புரவுக்குப் பிறகும் முடக்கம் தொடர்ந்தால் ரேம் எனப்படும் நினைவகத்தைச் சோதிக்கலாம். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு செயலியில், வெவ்வேறு பிழைக்குறியீட்டுடன் கணினி முடங்கினால் நினைவகத்தின்மீது ஐயம் வலுக்கிறது. விண்டோஸிலுள்ள நினைவகச் சோதனையை இயக்கிப் பார்க்கலாம். இரண்டு நினைவக அட்டைகள் இருந்தால் ஒன்றைக் கழற்றிவிட்டுச் சில நாள் பயன்படுத்தலாம். பிறகு மற்றொன்றைக் கழற்றிப் பார்க்கலாம். இரண்டையும் ஒரே நாளில் மாற்றி, கூடவே புதிய விசிறியும் பொருத்திவிட்டால் கணினி சரியாகக்கூடும். ஆனால், எது பழுது என்பது தெரியாமலேயே மூன்று பொருளுக்குப் பணம் செலவாகியிருக்கும்.

எல்லா முடக்கத்திற்கும் வன்பொருள் காரணமன்று. 2024 ஜூலை 19ஆம் நாள், கிரவுட்ஸ்டிரைக் என்னும் நிறுவனம் வெளியிட்ட பிழையான மென்பொருள் புதுப்பிப்பால் உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. சாங்கி விமான நிலையத்தில் சில விமான நிறுவனங்கள் பயணிகளைக் கையால் பதிவுசெய்ய நேர்ந்தது. அக்கணினிகளில் எந்த உறுப்பும் உடையவில்லை. சிக்கல் ஒரே ஒரு கோப்பில்தான் இருந்தது. தொழில்நுட்பர்கள் பல கணினிகளைப் 'பாதுகாப்பு முறையில்' முடுக்கி, அக்கோப்பை அழித்து மீட்டனர். இம்முறையில் அடிப்படையான இயக்கிகள் மட்டுமே இயங்கும். வீட்டுக் கணினியும் பாதுகாப்பு முறையில் முடங்காமல் ஓடினால், அண்மையில் நிறுவிய மென்பொருளோ வரைகலை இயக்கியோ காரணமாக இருக்கலாம். அதனை நீக்கிவிட்டோ பழைய பதிப்புக்குத் திருப்பிவிட்டோ பார்க்கலாம்.

இடிமின்னலின்போதும், குளிரூட்டி இயங்கத் தொடங்கும்போதும் மட்டுமே கணினி அணைகிறது என்றால் மின்வழங்கியையோ சுவரிலுள்ள மின்னிணைப்பையோ சோதிக்க வேண்டும். இது பழுதுபார்ப்பவரின் வேலை. கடைக்குச் செல்லும்போது குறிப்பேட்டையும் எடுத்துச் செல்வது நல்லது. 'அடிக்கடி கெட்டுப்போகிறது' என்று சொல்வதைவிட, 'விளையாட்டு தொடங்கிப் பத்து நிமிடத்தில் அணைகிறது; விசிறியைத் துடைத்தாயிற்று; நினைவகச் சோதனையில் பிழை இல்லை' என்று சொன்னால் பாதி வேலை முடிந்துவிடும். கணினியை ஒப்படைக்கும்போது, வன்தட்டில் உள்ளவற்றை அழிப்பார்களா என்று கேட்டுவிட வேண்டும். சில கடைகளில் இயங்குதளத்தை முற்றிலும் அழித்துப் புதிதாக நிறுவுவதுதான் முதல் வைத்தியம்.