வலிக்கு வைக்கிற கரண்ட் பெட்டி: வீட்டில் பாவிப்பது எப்படி?



உள்ளங்கையில் அடங்குகிற ஒரு சின்னப் பெட்டி. அதிலிருந்து இரண்டு வயர். வயரின் நுனிகளில் தோலில் ஒட்டுகிற மெத்தென்ற பட்டைகள். கண்டி டவுனில் வைத்திய உபகரணம் விற்கிற கடைகளில் இதைப் பார்த்திருப்பீர்கள். கொழும்பில் வேலை செய்கிற பிள்ளைகளும், மத்திய கிழக்குக்குப் போன அக்காமாரும் லீவில் வரும்போது "இந்தாம்மா, உன் இடுப்பு வலிக்கு" என்று கொண்டுவந்து கொடுப்பதும் உண்டு. இதற்கு 'டென்ஸ்' என்று பெயர். தோல் வழியாக நரம்பைத் தூண்டுகிற கருவி என்று அர்த்தம். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தவர்கள் "கரண்ட் வச்சாங்க" என்று சொல்வது பெரும்பாலும் இதையோ, இதன் அண்ணன் தம்பியையோதான்.

பெட்டி வீட்டுக்கு வந்துவிடுகிறது. அதோடு வருகிற புத்தகமோ இங்கிலிஷில் இருக்கும், இல்லாவிட்டால் சீன எழுத்தில் இருக்கும். எங்கே ஒட்டுவது, எவ்வளவு நேரம் வைப்பது, யார் தொடவே கூடாது என்று சொல்லித்தர ஆளில்லை. ஆகவே இந்த முறை இதைப் பற்றியே படிப்போம்.

முதலில், இது என்ன செய்கிறது? மலையில் கல்லில் முழங்கால் இடித்துக்கொண்டால் உடனே கையால் பரபரவென்று தேய்க்கிறோம் அல்லவா? தேய்த்ததும் கொஞ்சம் வலி குறைகிறது. காயம் அப்படியேதான் இருக்கிறது, ஆனால் வலி குறைகிறது. ஏன்? வலியைக் கொண்டுபோகிற நரம்புகள் மெல்லியவை. தொடுதலையும் தேய்த்தலையும் கொண்டுபோகிற நரம்புகள் தடித்தவை. இரண்டும் முதுகுத்தண்டில் ஒரே வாசலில் போய்ச் சேருகின்றன. தடித்த நரம்பின் செய்தி நிறைய வந்தால் அந்த வாசல் வலிக்குப் பாதி மூடிக்கொள்கிறது. கனடாவின் ரொனால்ட் மெல்சாக், இங்கிலாந்தின் பாட்ரிக் வோல் என்ற இருவரும் 1965இல் இந்த விளக்கத்தை எழுதினார்கள். 1967இல் வோல், இன்னொரு டாக்டரோடு சேர்ந்து, நோயாளிகளுக்குச் சின்ன மின்சாரம் கொடுத்துப் பார்த்து, அப்போதைக்கு வலி தணிவதைக் கண்டார். நம் கையிலிருக்கும் பெட்டி அதன் வாரிசு. (மின்சாரத்தை வலிக்கு வைப்பது அதைவிடப் பழைய சங்கதி. சுமார் இரண்டாயிரம் வருசத்துக்கு முன்பே ரோமாபுரியில் ஒரு வைத்தியர், தலைவலிக்கும் கால் வாதத்துக்கும் மின்சாரம் பாய்ச்சுகிற திருக்கை மீனை உடம்பில் வைக்கச் சொல்லி எழுதி வைத்திருக்கிறார். பெட்டி எவ்வளவோ மேல்!)

ஆக, இந்தப் பெட்டி கையால் தேய்ப்பதற்குப் பதிலாக மின்சாரத்தால் தேய்க்கிறது. இதை நன்றாக மனசில் வைத்துக்கொள்ளுங்கள். தேய்ந்த முழங்கால் இதனால் வளராது. விலகிய முதுகு ஜவ்வு திரும்ப உட்காராது. 2022இல் 381 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தவர்கள், கருவி ஓடும்போதும் நிறுத்திய உடனேயும் வலி குறைகிறது என்று கண்டார்கள். அது நல்ல சேதி. ஆனால் நாள்பட்ட இடுப்பு வலிக்கு இதைக் கொடுக்க வேண்டாம், உடற்பயிற்சியைச் சொல்லிக்கொடுங்கள் என்று இங்கிலாந்து நாட்டின் வைத்திய வழிகாட்டி 2016இல் எழுதியது. இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை. கொஞ்ச நேரம் வலி தணிவது வேறு, நோய் தீர்வது வேறு.

நம்ம ஆட்களுக்கு இதில்தான் ஆபத்து இருக்கிறது என்று நாங்கள் நினைக்கிறோம். காலையில் பெட்டியை வைத்து, "வலி போயிருச்சு, இன்னைக்குப் பேர் விழாமப் பாத்துக்குவேன்" என்று கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறினால் என்ன ஆகும்? வலி என்பது உடம்பு அடிக்கிற மணி. மணியின் நாக்கைக் கட்டிவிட்டு அதே பாரத்தைத் தூக்கினால், சாயங்காலம் இரண்டு மடங்காக வலிக்கும். பெட்டிக்கு நல்ல நேரம் வேலை முடிந்து, குளித்து, தேத்தண்ணி குடித்துவிட்டு உட்காருகிற நேரம். இல்லாவிட்டால் டிஸ்பென்சரியில் சொல்லிக்கொடுத்த பயிற்சியைச் செய்வதற்குக் கொஞ்சம் முந்தி. வலி தணிந்த அந்த நேரத்தை உடம்பை அசைத்துப் பலப்படுத்தப் பாவித்தால்தான் வாங்கிய காசு செரிக்கும்.

இனி வைக்கிற முறை. ஒட்டப்போகிற இடத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, நன்றாக ஈரம் துடையுங்கள். சித்தாலேப, எண்ணெய், கோடாலித் தைலம் எதுவும் தோலில் இருக்கக்கூடாது. தைலத்தின் மேல் பட்டை ஒட்டாது, ஒட்டினாலும் எரியும். அட்டை கடித்த புண், கீறல், சொறி உள்ள இடத்தில் ஒட்டாதீர்கள். மழைக்காலத்தில் நம் கால்களில் அப்படி இடம் கிடைப்பதே கஷ்டம்தான். இருந்தாலும் தேடிப் பாருங்கள்.

பெட்டி ஓஃப் ஆக இருக்கும்போதே வயரைச் செருகி, பட்டைகளை ஒட்ட வேண்டும். இடுப்பு வலியென்றால் முதுகெலும்பின் மேலேயே ஒட்டாமல், எலும்புக்கு இரண்டு பக்கமும் சதையில் ஒட்டுங்கள். முழங்காலுக்கு மூட்டின் உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று. கூடைக்கயிறு இழுத்து இழுத்து வருகிற கழுத்து வலிக்குப் பின்கழுத்துக்குக் கீழே, தோள்பட்டைச் சதையில். இரண்டு பட்டைகளும் ஒன்றையொன்று தொடக்கூடாது, இரண்டு விரல் இடைவெளியாவது வேண்டும்.

பெட்டியில் பொதுவாக மூன்று விஷயம் இருக்கும். 'ரேட்' அல்லது 'ஹெர்ட்ஸ்' என்பது ஒரு விநாடிக்கு எத்தனை துடிப்பு என்பது. 80க்கும் 100க்கும் இடையில் வைத்துத் தொடங்கலாம். 'விட்த்' என்பது ஒவ்வொரு துடிப்பின் நீளம். 100 என்றிருந்தால் போதும். மூன்றாவதுதான் முக்கியம்: 'இன்டென்சிட்டி', அதாவது எவ்வளவு பலமாக. இதைப் பூச்சியத்தில் வைத்துத்தான் ஓன் பண்ண வேண்டும். பிறகு மெதுவாக, மெதுவாகக் கூட்டுங்கள். மரத்துப்போன கால் திரும்ப உணர்வு வரும்போது சுறுசுறு என்று இருக்குமே, அப்படி வரும். அந்தச் சுறுசுறுப்பு பலமாக இருக்க வேண்டும், ஆனால் வலிக்கக்கூடாது. "கூடக் கரண்ட் வச்சா கூட சுகம்" என்பது பிழை. பத்து நிமிசத்தில் உடம்பு பழகி, ஒன்றும் தெரியாத மாதிரி இருக்கும். அப்போது ஒரு சொட்டுக் கூட்டலாம்.

முதல் நாள் 20 நிமிசம் போதும். ஓஃப் பண்ணிவிட்டுப் பட்டையை எடுத்துத் தோலைப் பாருங்கள். இலேசாகச் சிவந்து, கொஞ்ச நேரத்தில் மறைந்தால் பயமில்லை. கொப்புளம், அரிப்பு, மறையாத சிவப்பு இருந்தால் பாவிப்பதை நிறுத்திவிட்டு ஈ.எம்.ஏ. ஐயாவிடம் காட்டுங்கள். ஒன்றும் இல்லையென்றால் அடுத்த நாளிலிருந்து அரை மணி, ஒரு மணி நேரம் வரை வைக்கலாம். போட்டுக்கொண்டே தூங்கக்கூடாது. ஈரக்கையோடு, குளிக்கிற பீலியடியில், விறகடுப்புப் பக்கத்தில் வேண்டாம். கத்தி பிடிக்கிற வேலை, மலையேற்றம், த்ரீவீல் ஓட்டுவது எதுவும் பட்டை உடம்பில் இருக்கும்போது கூடாது. சார்ஜ் பண்ணுகிற பெட்டியென்றால், சுவர் பிளக்கில் வயர் இருக்கும்போது உடம்பில் வைக்கவே வைக்காதீர்கள். லயத்துக் காம்பராக்களில் வயரிங் எப்படி இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொரு விஷயம். பல பெட்டிகளில் 'இ.எம்.எஸ்.' என்று ஒரு மோட் சேர்ந்தே இருக்கும். அது வேறு வேலை. டென்ஸ் நரம்பைத் தேய்க்கும். இ.எம்.எஸ். சதையைப் பிடித்துச் சுருக்கும், சில விநாடி சுருக்கி, சில விநாடி விடும். முழங்கால் ஆப்பரேஷனுக்குப் பிறகு தொடைச் சதை சூம்பாமல் இருக்கவும், பாரிசவாதம் வந்த கை காலைத் திரும்பப் பழக்கவும் இயன்மருத்துவர்கள் இதைப் பாவிக்கிறார்கள். வலிக்கிற முதுகில் தெரியாமல் இந்த மோட்டைப் போட்டால் சதை இறுகி, மறுநாள் எழும்பவே கஷ்டமாக இருக்கும். ஆகவே ஓன் பண்ணுமுன் எந்த மோட் என்று படித்த பிள்ளையை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இ.எம்.எஸ். வயிற்றுக் கொழுப்பைக் கரைக்கும் என்கிற விளம்பரத்தை நம்ப வேண்டாம். மலை ஏறி இறங்குகிற நமக்கு அந்த விளம்பரம் எதற்கு?

யார் தொடவே கூடாது? இருதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைத்தவர்கள். வயிற்றில் பிள்ளை இருக்கிற தாய்மார், இருக்குமோ என்று சந்தேகம் உள்ளவர்களும்தான். மாதவிடாய் நோவுக்கு அடிவயிற்றில் இதை வைக்கிற வழக்கம் உண்டு, ஓரளவு சுகமும் கொடுக்கும். ஆனால் நாள் தள்ளிப்போயிருந்தால் முதலில் மருத்துவிச்சி அம்மாவைக் கேளுங்கள். வலிப்பு உள்ளவர்கள், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள், காலில் இரத்தம் கட்டியிருக்கிறது என்று சொல்லப்பட்டவர்கள், டாக்டர் சம்மதம் இல்லாமல் வைக்கக்கூடாது. யாராக இருந்தாலும் முன்கழுத்தில், தலையில், கண்ணுக்குப் பக்கத்தில், நெஞ்சுக்குக் குறுக்கே ஒட்டக்கூடாது. முன்கழுத்தில் வைத்தால் இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி மயக்கம் வரலாம், தொண்டைச் சதை இறுகி மூச்சும் முட்டலாம்.

சீனி வியாதிக்காரர்களுக்குத் தனியாக ஒரு சொல். சீனி கூடிக்கூடிக் காலில் உணர்ச்சி குறைந்திருந்தால், கரண்ட் கூடிப்போவது தெரியாது, தோல் வெந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு உட்காருங்கள். வீட்டிலொருவர் ஈர்க்குக் குச்சியின் கூர்முனையையும் மொட்டைமுனையையும் மாற்றி மாற்றி, ஒட்டப்போகிற இடத்தில் மெதுவாகத் தொடட்டும். எது கூர், எது மொட்டை என்று சரியாகச் சொல்ல முடியாவிட்டால் அந்த இடத்தில் பட்டை வேண்டாம்.

சில வலிக்குப் பெட்டியைத் தேடுவதே பிழை. நெஞ்சில் பாரம், இடது தோளிலும் தாடையிலும் இழுக்கிற வலி, வியர்வை, மூச்சுத் திணறல் வந்தால் '1990' சுவசெரிய அம்புலன்சைக் கூப்பிடுங்கள், காசு இல்லை. இடுப்பு வலியோடு சலம் போவதோ வெளிக்குப் போவதோ கட்டுப்பாடில்லாமல் போனால், தொடையிடுக்கு மரத்துப்போனால், கால் பலமிழந்தால், அன்றைக்கே கண்டிப் பெரியாஸ்பத்திரிக்கோ பேராதனை ஆஸ்பத்திரிக்கோ போக வேண்டும். சரிவில் விழுந்த பிறகு வருகிற முதுகு வலி, சாயங்காலக் காய்ச்சலோடும் உடம்பு மெலிவோடும் வருகிற முதுகு வலி, இவற்றையும் கட்டாயம் டாக்டர் பார்க்க வேண்டும். முதுகெலும்பில் சயரோகம் வந்தாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும்.

வாங்க நினைக்கிறவர்களுக்கு: நடைபாதையில் விற்கிற பெயரில்லாத பெட்டி வேண்டாம். நம் நாட்டில் வைத்திய உபகரணங்களைப் பதிவு செய்கிற அதிகாரசபை 2015ஆம் வருசச் சட்டத்தின்படி இருக்கிறது. பதிவான சாமானா என்று கேட்டு, பில் போட்டு வாங்குங்கள். பெட்டியின் விலையை மட்டும் பார்க்காதீர்கள், பட்டை தேய்ந்துபோகும், மாற்றுப் பட்டை என்ன விலை என்றும் கேளுங்கள். ஒட்டாத பட்டையைப் பிளாஸ்டர் போட்டு ஒட்டினால், ஒரு மூலையில் மட்டும் கரண்ட் இறங்கிச் சுடும். பட்டையை அதன் பிளாஸ்டிக் தாளில் திரும்ப ஒட்டி, மூடியுள்ள டின்னில் வையுங்கள். காய்ந்துபோனால் ஒரு துளித் தண்ணீர் விரலால் தடவலாம். ஒருவர் பட்டையை இன்னொருவர் பாவிக்க வேண்டாம், பெட்டியை வேண்டுமானால் லயத்துக்கே இரவல் கொடுங்கள்.

எங்களைக் கேட்டால், பெட்டி வாங்குவதற்கு முன் கூடையைப் பாருங்கள் என்போம். நிறைகிற வரை சுமக்காமல் பாதியிலேயே கொட்டிவிட்டு வருவது, கயிறு முழுவதும் தலையில் இழுக்காமல் தோளிலும் பாரம் விழுகிற மாதிரி பட்டி வைத்துத் தைப்பது, இவை கழுத்தைக் காப்பாற்றுகிற அளவுக்கு எந்தக் கரண்டும் காப்பாற்றாது. முழங்காலுக்கு, கீழே காலை நீட்டி உட்கார்ந்து, சுருட்டிய துவாயை முழங்காலுக்கடியில் வைத்து, அதை ஐந்து விநாடி அமுக்கி விடுங்கள். பத்துத் தடவை, காலையும் மாலையும். செலவில்லை.

பெட்டி ஏற்கெனவே வீட்டில் இருந்தால், கிளினிக்குக்குப் போகிற நாளில் அதையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். கண்டி, பேராதனை ஆஸ்பத்திரிகளில் இயன்மருத்துவப் பகுதி இருக்கிறது. பாரிசவாதத்துக்கும் பெரிய அடிபட்டதற்கும் பிறகு உடம்பைத் திரும்பப் பழக்குவதற்கென்றே திகனையில் புனர்வாழ்வு ஆஸ்பத்திரி ஒன்றும் இருக்கிறது. டாக்டரிடம் சொல்லி, துண்டு எழுதி வாங்கிக்கொண்டு இயன்மருத்துவரைப் பாருங்கள். பட்டை ஒட்ட வேண்டிய இடத்தில் பேனாவால் வட்டம் போட்டுத்தரச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும், வட்டம் அழியுமுன் மகளையோ மகனையோ கூப்பிட்டு, அதை ஒரு கடதாசியில் அப்படியே வரைந்து டின்னுக்குள் வைக்கச் சொல்லுங்கள்.