எஞ்சின் மாற்ற நினைக்கும் தம்பிக்கு

மயிலாப்பூர்

அன்புள்ள தம்பிக்கு,

உன் ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சினை இறக்கிவிட்டு, இன்னும் பெரிதாக ஒன்றை ஏற்ற ஆசைப்படுகிறாய். புதுப்பேட்டையில் தேடினால் எஞ்சின் கிடைத்துவிடலாம். ஆனால் அதைத் தனிப் பொருளாக நினைத்து விலை பேசாதே. ரேடியேட்டர், கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில், பிரேக் எல்லாமே பழைய எஞ்சினுக்குக் கணக்குப் போட்டு வைத்தவை. எஞ்சினை மாற்றினால் அந்தக் கணக்கு முழுவதையும் திரும்பப் போட வேண்டும்.

இதற்குச் சான்று நம் ஊரிலேயே உண்டு. பெருங்களத்தூரில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 காரைக் கொண்டுவந்தது. உடல், 1976-இல் பிரிட்டனில் வெளிவந்த ரோவர் எஸ்டி1-னுடையது. ஃபெராரி டேட்டோனாவின் சாயல் கொண்ட, இன்று பார்த்தாலும் கண்ணைக் கவரும் உடல். அங்கே முதலில் அதற்குள் இருந்தது 3.5 லிட்டர் வி8. இங்கே வைத்ததோ, 1940-களில் பிறந்த வேன்கார்டு கார் எஞ்சினின் வழிவந்த 1,991 சிசி நான்கு சிலிண்டர் எஞ்சின். குதிரைத்திறன் ஏறத்தாழப் பாதியானது. வேகத்துக்காக வரைந்த உடலை அந்தப் பழைய எஞ்சின் சிரமப்பட்டு இழுத்தது. பெட்ரோலும் தாராளமாகச் செலவானது. 1988-இல் உற்பத்தி நின்றுபோனது. விலையும் ஒரு காரணம் என்பார்கள், மறுக்கவில்லை. ஆனால் அந்த விலை கொடுத்தவர் எதிர்பார்த்த ஓட்டம் காரில் இல்லையே.

“அவர்கள் சின்னதை வைத்தார்கள், நான் பெரியதைத்தானே வைக்கிறேன்” என்பாய். 1964-இல் வந்த சன்பீம் டைகரைப் பார். 1.6 லிட்டர் ஆல்பைன் காருக்குள் ஃபோர்டின் 4.2 லிட்டர் வி8-ஐ நுழைத்தார்கள். அதற்கு இடம் பண்ணவே ஸ்டியரிங் அமைப்பை மாற்ற வேண்டியிருந்தது. கியர்பாக்ஸும் பின் ஆக்ஸிலும் மாறின. கரோல் ஷெல்பியின் பட்டறையும் ஒரு கார் கம்பெனியும் சேர்ந்து செய்த வேலை அது. கராஜில் ஒரு வாரத்தில் முடிகிற காரியமாகத் தோன்றுகிறதா?

சட்டமும் எஞ்சினை வண்டியிலிருந்து பிரித்துப் பார்ப்பதில்லை. தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரத்திலிருந்து ஆர்.சி. விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. “எஞ்சினே போய்விட்டால்?” என்ற கேள்வி நியாயமானது. அப்போது அதே கம்பெனியின் அதே வகை எஞ்சினைத் தேடு. பில்லை வாங்கி, மந்தைவெளியோ திருவான்மியூரோ, உன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் புதிய எஞ்சின் நம்பரைப் பதிவுசெய்யக் கேள். அதற்கும் முன்னால், இப்போதுள்ள எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் பார்க்கச் சொல். ரீபோர் செய்து புது பிஸ்டன் போட்டாலே போதும் என்று தெரியவரலாம்.

அன்புடன்,
உன் அண்ணன்