கடையையும் ஸ்டோரையும் இணைக்கும் கம்பியில்லாப் பாலம்

நம்மவர்களில் பலருக்குக் கடை ஓரிடம், ஸ்டோர் வேறிடம். புறக்கோட்டையில் முன் தெருவில் ஒரு சிறிய கடை, நாலு தெரு தள்ளி ஒரு மாடியில் ஸ்டோர் என்பது சர்வசாதாரணம். கடைக் கணனி 40 பெட்டி இருப்பதாகக் காட்டும். வாடிக்கையாளர் காசைக் கட்டி, லொறியையும் அனுப்பிவிடுவார். ஸ்டோரில் போய்ப் பார்த்தால் 28 பெட்டிதான் இருக்கும். மீதி 12 பெட்டி காலையிலேயே வேறொருவருக்குப் போயிருக்கும். துண்டில் எழுதியது கணனிக்கு ஏறியிருக்காது. இதில் போவது 12 பெட்டியின் இலாபம் மட்டுமல்ல, அந்த வாடிக்கையாளரும்தான்.

இரண்டு இடத்துக் கணனிகளையும் ஒரே வலையமைப்பாக்கினால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். ஒரே கட்டடமென்றால் கேபிள் இழுத்து முடித்துவிடலாம். சாதாரண நெட்வேர்க் கேபிள் 100 மீற்றருக்குமேல் வேலைக்கு ஆகாது. அதற்குள் இருந்தாலும், வீதிக்கு மேலாகக் கம்பி இழுக்க உள்ளூராட்சி சபையின் அனுமதி வேண்டும். வெளியில் தொங்கும் செப்புக் கம்பி மின்னலின் தாக்கத்தை இரு கட்டடங்களுக்குள்ளும் கொண்டுவந்துவிடும். இடையிலுள்ள நிலம் உங்களுடையது என்றால் கண்ணாடியிழைக் கேபிளைப் புதைத்துவிடுங்கள். அதைவிட நல்லது வேறில்லை. நிலம் பிறருடையது, நடுவே வீதி என்றால்தான் கம்பியில்லாப் பாலம்.

பெயர் பெரிதாக இருந்தாலும் விடயம் சிறியது. இரு கூரைகளிலும் ஒவ்வொரு கருவி. ஒன்றையொன்று நேராகப் பார்த்தபடி வைக்க வேண்டும். நடுவே ஒரு நீண்ட கேபிள் இருப்பதுபோல் இரு பக்கக் கணனிகளும் பேசிக்கொள்ளும். இதற்கு மாதக் கட்டணம் இல்லை. பில்லும் இருப்புக் கணக்கும் மட்டும் போதுமென்றால், இரு இடத்திலும் இணைய இணைப்பு எடுத்து, இணையவழி மென்பொருள் ஒன்றைப் பாவிப்பவர்களும் உண்டு. அதுவும் சரியே. கடையில் ஏற்கெனவே ஒரு பிரதான கணனி இருந்து, ஸ்டோரின் கமராக்களையும் கடையிலிருந்தே பார்க்க வேண்டுமென்றால் பாலம்தான் இலாபம்.

என் கடைக்கும் ஸ்டோருக்கும் ஏறக்குறைய 300 மீற்றர். பல வருடங்களாக இப்படித்தான் ஓடுகிறது. என்ன கருவி என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். கருவியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் கூரைக்கு ஏறுங்கள். அங்கிருந்து மற்றக் கூரை கண்ணுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் மட்டும் போதாது. அலை நூல் பிடித்தாற்போல ஒரே கோட்டில் போவதில்லை. ரக்பி பந்தைப்போல இரு முனையிலும் ஒடுங்கி, நடுவில் பருத்துப் போகிறது. 5 கிகாஹேர்ட்ஸ் கருவியில், 300 மீற்றர் தூரத்துக்கு நடுவிடத்தில் அந்தப் பந்தின் ஆரம் சுமார் 2 மீற்றர். 1 கிலோமீற்றருக்கு சுமார் 3.7 மீற்றர். அதில் 60 சதவீதமாவது தடையில்லாமல் இருக்க வேண்டும். பார்வைக் கோட்டை உரசிக்கொண்டு ஒரு தகரக் கூரையோ தண்ணீர்த் தாங்கியோ நின்றால் இணைப்பு வந்தும் வராமலும் இழுக்கும்.

மரத்தை மறந்துவிட வேண்டாம். ஈரமான இலை அலையை உறிஞ்சிவிடும். வெயில் நாளில் பொருத்திவிட்டுப் போனவர், மழைக்காலத்தில் ‘கருவி பழுது’ என்பார். பழுது கருவியில் இருக்காது, பக்கத்து வளவு மாமரத்தில் இருக்கும். இந்த அலைவரிசையில் மழை மட்டுமே இவ்வளவு சிறிய தூரத்தைக் கெடுக்காது. 60 கிகாஹேர்ட்ஸ் கருவிகளின் கதை வேறு. அவை மிக வேகமானவை, ஆனால் கடும் மழையில் தளர்ந்துவிடும். 2.4 கிகாஹேர்ட்ஸ் மலிவு, நகரத்தில் வேண்டாம். ஒன்றோடொன்று மோதாத அலைவழிகள் அதில் மூன்றே மூன்று. கடைக்குக் கடை வைபை இருக்கும் தெருவில் அது சந்தை இரைச்சலில் இரகசியம் பேசுவதுபோல.

பெட்டியில் அச்சிட்ட வேகத்தை நம்பி வாங்காதீர்கள். கைக்கு வருவது பெரும்பாலும் அதில் பாதியளவுதான். ஆனால் இருப்புக் கணக்குக்கு அதில் ஒரு துளி போதும். வேகத்தைத் தின்பவை கமராக்கள். தெளிவான படம் தரும் கமரா ஒன்றுக்கு 2 முதல் 4 மெகாபிட் என்று வைத்து, எட்டுக் கமராவுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பொருத்தியபின் பலரும் தடுமாறும் இடம் ஒன்றுண்டு. கடையில் ஒரு ரவுட்டர், ஸ்டோரில் ஒரு ரவுட்டர், இரண்டும் 192.168.1.1 என்ற ஒரே இலக்கத்தில் இருக்கும். ஒரே தெருவில் இரு வீட்டுக்கு ஒரே இலக்கம் போட்டால் தபால்காரர் என்ன செய்வார்? கணனிகளுக்கு இலக்கம் வழங்கும் வேலையை ஒரு ரவுட்டரிடம் மட்டும் விட்டு, மற்றதில் அதை நிறுத்தச் சொல்லுங்கள். அதன் சொந்த இலக்கத்தையும் மாற்றச் சொல்லுங்கள்.

பாலம் போட்டபின் ஸ்டோரில் நுழையும் வைரஸ் கடைக் கணக்குக்கும் வரும் என்பதும் நினைவிருக்கட்டும். அலை உங்கள் கூரையோடு நிற்பதில்லை. ஆகவே டபிள்யூபிஏ2 அல்லது அதற்குப் பிந்திய பாதுகாப்புடன், கருவியோடு வந்த கடவுச்சொல்லை மாற்றியே பாவிக்க வேண்டும். அந்தக் கடவுச்சொல் பொருத்த வந்த தம்பியின் தொலைபேசியில் மட்டும் இருக்கக் கூடாது. எழுதி வாங்கி, கடை உறுதியுடன் சேர்த்து வையுங்கள். அவர் வெளிநாடு போய்விட்டால் உங்கள் வியாபாரத்தின் சாவியும் கூடவே போய்விடும்.

நம் நாட்டில் மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி மின்னல் அதிகம். நேரடியாக விழும் மின்னலை எதுவும் தாங்காது. அருகில் விழுவதைத் தாங்க, கேபிள் கட்டடத்துக்குள் நுழையுமிடத்தில் காப்புக் கருவி வைத்து ஒழுங்காகப் புவித்தொடுப்புக் கொடுக்க வேண்டும். காத்தான்குடி, கல்முனை, பேருவளை போன்ற கரையோர ஊர்களில் சாதாரண இரும்புக் குழாயில் மாட்டினால் உப்புக்காற்று தின்றுவிடும். ஜி.ஐ. பைப்பே நல்லது. கருவிக்கு மின்சாரம் நெட்வேர்க் கேபிள் வழியாகவே ஏறுவதால் கூரையில் பிளக் தேவையில்லை. ஆனால் சில கருவி 24 வோல்ட், சில 48 வோல்ட். கூடவே வந்த மின்பெட்டியைத் தவிர வேறொன்றை மாட்டினால் கருகிப்போகலாம். 2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பாலத்தின் ஒரு முனையில் மின்சாரம் நின்றாலும் பாலம் இல்லை. இரு முனைக்கும் சிறிய யூபிஎஸ் வேண்டும்.

வாங்கும்போது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அங்கீகாரம் உள்ள கருவியா என்று கேட்டு, பற்றுச்சீட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முழுப் பணத்தையும் அன்றே கொடுக்காமல் ஒரு வாரம் ஓடவிட்டுப் பாருங்கள். சமிக்ஞை அளவு மறை 50க்கும் மறை 65க்கும் இடையில் நின்றால் திருப்திப்படலாம். மறை 80ஐ நெருங்கினால் மீதியைக் கொடுக்குமுன் திருப்பி நேர்ப்படுத்தச் சொல்லுங்கள்.

நடுவே உயர்ந்த கட்டடம் மறைத்தால், இரண்டுக்கும் தெரியும் மூன்றாவது கூரையில் இடைநிலை வைக்கலாம். அதற்கு இன்னும் இரு கருவிகள் தேவைப்படும். அந்தக் கூரை பிறருடையது. மின்சாரத்துக்கு மாதம் எவ்வளவு, பழுது பார்க்க எந்நேரம் ஏறலாம், கட்டடம் கைமாறினால் என்ன என்பவற்றை, எவ்வளவு நெருங்கிய நண்பரானாலும், குழாய் நடுவதற்கு முன்பே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.